தவணை நின்ற வீட்டை ஏலத்திலிருந்து காப்பது: முழுமையான வழிகாட்டி

வீட்டுக் கடன் தவணை தவறத் தொடங்கியதும் பெரும்பாலான வீடுகளில் ஒரே வரிசையில்தான் எல்லாம் நடக்கிறது. முதலில் நகை அடகுக்குப் போகும். அடுத்து சொந்தக்காரர்களிடம் கைமாற்று. பிறகு வங்கியிலிருந்து வரும் போனை எடுக்காமல் விடுவது. கடைசியில், தபாலில் வரும் கவரை 'ஆள் இல்லை' என்று திருப்பி அனுப்புவது. இந்த நான்கில் வீட்டைப் பறிகொடுக்க வைப்பவை கடைசி இரண்டும்தான்.

உங்கள் வீட்டை ஏலம் விட வங்கி இன்று சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டம் அந்த அதிகாரத்தை வங்கியின் கையிலேயே கொடுத்துவிட்டது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கும் அது உண்டு. ஆனால் அதே சட்டம் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடுவுக்குள் கடன்தாரருக்கு ஒரு வழி திறந்திருக்கும். கெடு தாண்டினால் அது அடைபட்டு, அதைவிடச் செலவான வழிதான் மிஞ்சும். அதனால் பணம் எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், நீங்கள் எந்தத் தேதியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

படி 1: தேதியைக் கணக்கிடுங்கள்

'மூணு டியூ வரைக்கும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க' என்று ஊரில் சொல்வார்கள். அது அரைகுறை உண்மை. ரிசர்வ் வங்கி 2021 நவம்பர் சுற்றறிக்கையில் இதைத் தேதி வாரியாகவே விளக்கியது. மார்ச் 31 அன்று கட்ட வேண்டிய தவணை அன்றே முழுதாக வரவில்லை என்றால் அன்று முதல் அது பாக்கி. ஏப்ரல் 30-ல் கணக்கு அடுத்த எச்சரிக்கைப் படிக்குப் போகும், மே 30-ல் அதற்கும் அடுத்த படிக்கு. அதன் பிறகும் அந்தப் பாக்கி தீராவிட்டால் ஜூன் 29 அன்று கணக்கு வாராக்கடன்.

வாராக்கடன் ஆன பிறகு ஒரு தவணையைக் கட்டிவிட்டு 'சரியாகிவிட்டது' என்று நினைப்பவர்கள் ஏராளம். சரியாகாது. அசலும் வட்டியுமாக எல்லாப் பாக்கியையும் கட்டித் தீர்த்தால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும் என்பது அதே சுற்றறிக்கையின் விதி. இதில் நல்ல செய்தியும் இருக்கிறது: வாராக்கடன் ஆன கணக்கையும் மீட்க முடியும்.

படி 2: முதல் தவணை தவறும்போதே கிளைக்குப் போங்கள்

வெறுங்கையோடு போகாதீர்கள். ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை போனதற்கான கடிதம் அல்லது ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, மாத வரவு செலவை எழுதிய ஒரு தாள், இவ்வளவும் போதும். எந்த மாதத்திலிருந்து எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு தொகையைச் சொல்லுங்கள். 'ஏதாவது பார்த்துச் செய்யுங்க சார்' என்று கேட்பவருக்கு வங்கியில் எதுவும் நடப்பதில்லை.

கேட்க வேண்டியவற்றில் முதலாவது, கடன் காலத்தை நீட்டுவது. அதன் பயன் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. 25 லட்சம் பாக்கி, வட்டி 9 சதவீதம், மீதி 15 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 25,350 ரூபாய். 20 வருடமாக்கினால் சுமார் 22,500. 25 வருடமாக்கினால் சுமார் 21,000. அதற்குக் கீழே பெரிதாக இறங்காது, ஏனென்றால் அந்தத் தொகைக்கு மாத வட்டி மட்டுமே 18,750 ரூபாய். மாதம் நான்காயிரம் துண்டு விழும் குடும்பத்துக்கு இது போதும். சம்பளமே நின்றுபோன குடும்பத்துக்குப் போதாது. அவர்கள் சில மாதங்களுக்குத் தவணையைத் தள்ளிவைக்கவோ வட்டியை மட்டும் கட்டவோ கடன் மறுசீரமைப்பைத்தான் கேட்க வேண்டும். மறுசீரமைப்பு செய்தால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போகலாம், கிரெடிட் ரிப்போர்ட்டிலும் அது பதிவாகும். வீடு நிலைக்குமென்றால் அந்தக் கறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இரண்டாவது, வட்டி விகிதம். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மிதக்கும் வட்டி வீட்டுக் கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவீட்டோடு இணைக்கப்படுகின்றன. அதற்கு முந்தைய கடன் பழைய முறையிலேயே கிடந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். நிதி நிறுவனக் கடனாக இருந்தால், குறைந்த வட்டி தரும் வங்கிக்குக் கடனை மாற்றலாம். மிதக்கும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கிடையாது. ஆனால் பாக்கி விழுந்த கணக்கை எந்த வங்கியும் எடுத்துக்கொள்ளாது. இந்த வழி முதல் சில வாரங்களுக்கு மட்டும்தான்.

கடன் கணக்கு அறிக்கையில் அபராதம் என்ற வரியையும் பாருங்கள். தவணை தவறியதற்காக வட்டி விகிதத்தை ஏற்றக் கூடாது, அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அறிக்கையில் அப்படி இருந்தால் எழுதிக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மேனேஜர் நல்லவராகவே இருப்பார். அவர் மாற்றலாகிப் போகும்போது அவர் சொன்ன வாய்வார்த்தையும் கூடவே போய்விடும்.

படி 3: வீட்டுக்குள்ளேயே பணம் இருக்கிறதா என்று தேடுங்கள்

கடன் வாங்கியவர் இறந்துவிட்ட வீடுகளில் நான் முதலில் கேட்கச் சொல்வது காப்பீட்டை. வீட்டுக் கடன் தரும்போது பல வங்கிகள் அதோடு ஒரு ஆயுள் காப்பீட்டையும் சேர்த்துவிடுகின்றன. பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே பிடித்திருப்பார்கள். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. துக்கத்தில் இருக்கும் மனைவி தவணையைக் கட்டத் திண்டாடிக்கொண்டிருப்பார், காப்பீட்டுப் பத்திரம் கடன் கோப்புக்குள் கிடக்கும். கடன் அனுமதிக் கடிதத்தையும் முதல் பட்டுவாடா அறிக்கையையும் எடுத்து, காப்பீடு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளக்காரர் என்றால் அவரது பி.எஃப். கணக்கோடு சேர்ந்த காப்பீடும் உண்டு.

உயிரோடிருப்பவருக்கும் பி.எஃப். உதவும். வீட்டுக் கடனை அடைக்க அதிலிருந்து முன்பணம் எடுக்க விதியில் இடமிருக்கிறது.

தொடக் கூடாதவையும் உண்டு. தவணை கட்டுவதற்காக மீட்டர் வட்டிக்கு வாங்குவதும் செல்போன் செயலியில் கடன் எடுப்பதும் 9 சதவீதக் கடனைக் காப்பாற்ற அதைப் பல மடங்கு மிஞ்சும் கடனில் விழுவதுதான். அதைவிட ஆபத்தானவர், 'வங்கிக் கடனை நான் அடைக்கிறேன், எனக்கு ஒரு பவர் எழுதிக் கொடுங்கள்' என்று வருபவர். கடனுக்கு ஈடாகக் கிரய ஒப்பந்தமோ பொது அதிகாரப் பத்திரமோ எழுதிக் கொடுத்தால், வங்கியிடமிருந்து தப்பிய வீடு அவரிடம் சிக்கிக்கொள்ளும். வங்கிக்காவது சட்டத்தில் கெடுக்கள் இருக்கின்றன.

படி 4: 60 நாள் நோட்டீஸ் வந்தால்

கணக்கு வாராக்கடன் ஆனதும் சட்டத்தின் 13(2) பிரிவின்படி ஒரு நோட்டீஸ் வரும். மொத்தக் கடனையும் 60 நாளில் கட்டு என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் வீட்டு வாசலில் ஒட்டுவார்கள், பத்திரிகையிலும் போடுவார்கள். சட்டப்படி அதுவும் நோட்டீஸ் கிடைத்ததாகவே கொள்ளப்படும். மறுத்ததில் மிச்சம், தெருவுக்கே செய்தி தெரிந்ததுதான்.

இந்த 60 நாளில் கடன்தாரருக்கு உள்ள முக்கியமான உரிமையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. நோட்டீசுக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பலாம். அது ஏற்கத்தக்கதல்ல என்று வங்கி கருதினால், 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும். மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்ன தீர்ப்பின் விளைவாகச் சட்டத்தில் சேர்ந்த பிரிவு இது. கட்டிய தவணை வரவு வைக்கப்படவில்லை, தொகை தவறு, மறுசீரமைப்புக் கேட்டுக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் இல்லை என்பவை எல்லாம் ஆட்சேபத்துக்குத் தகும். 'குடும்பக் கஷ்டம்' என்று மட்டும் எழுதினால் ஒரு வரிப் பதில்தான் வரும். எப்போது எவ்வளவு கட்டுவேன் என்ற திட்டத்தை அதிலேயே எழுதி, முடிந்தால் ஒரு தொகையையும் கட்டிவிடுங்கள்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். அசலிலும் வட்டியிலும் பாக்கி 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தச் சட்டத்தை வங்கி பயன்படுத்தவே முடியாது. பதினைந்து வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கடைசியில் தடுமாறுபவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

படி 5: நீங்களே விற்பதையும் யோசியுங்கள்

தவணையைக் கட்ட இனி வழியே இல்லை என்று மனதுக்குத் தெரிந்துவிட்டால், வீட்டை நீங்களே விற்பதுதான் நல்ல முடிவு. இதை எழுதினால் கோபப்படுபவர்கள் உண்டு. ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்லவில்லை. ஏலத்துக்கு வருபவர் மலிவாகக் கிடைக்கும் என்பதற்காகவே வருகிறார். வீட்டுக்குள் நுழைந்து பார்க்க முடியாத, வழக்கு வரலாம் என்ற பயமுள்ள சொத்துக்கு அவர் சந்தை விலை தர மாட்டார். அதற்குள் வட்டியும் வக்கீல் செலவும் விளம்பரச் செலவும் உங்கள் கணக்கில் ஏறியிருக்கும். ஐம்பது லட்சம் பெறும் வீட்டில் இருபத்தெட்டு லட்சம் கடன் என்றால், இன்று விற்பவருக்கு ஏறக்குறைய இருபது லட்சம் மிஞ்சும். சின்னதாக வேறு வீடு பார்க்க அது ஒரு முதல்.

விற்கும் முறை சிக்கலானதல்ல. மொத்தப் பாக்கியைக் குறிப்பிட்டு வங்கியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். பத்திரம் எந்தக் கிளையில் இருக்கிறது என்பதையும் அதில் கேளுங்கள். வாங்குபவர் முன்பணத்தை உங்களுக்குத் தந்தாலும், கடன் தொகையை நேரே வங்கியின் பெயருக்கே செலுத்தட்டும். வாங்குபவரும் கடன் வாங்குகிறார் என்றால் அவருடைய வங்கி அதைச் செய்யும்.

60 நாள் நோட்டீஸ் வந்த பிறகு விற்பதாக இருந்தால், வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் கட்டாயம். வாடகைக்கோ போக்கியத்துக்கோ விடுவதும் அப்படித்தான். சம்மதம் இல்லாமல் போக்கியத்துக்கு விட்டுப் பணம் வாங்கினால், உங்கள் கடனோடு இன்னொரு குடும்பத்தையும் தெருவில் நிறுத்துகிறீர்கள்.

படி 6: ஒரே தொகையில் சமரசம்

வாராக்கடன் ஆகிச் சில காலம் ஓடிவிட்ட கணக்குகளில், வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளி ஒரே தொகையாக முடித்துக்கொள்ள வங்கிகள் ஒப்புக்கொள்வதுண்டு. லோக் அதாலத்திலும் இது நடக்கும். சொந்தக்காரர்கள் கூடிப் பணம் தருகிறார்கள் என்ற நிலையில்தான் இது பயன்படும். ஒப்புக்கொண்ட கெடுவுக்குள் கட்டாவிட்டால் தள்ளுபடி ரத்தாகிவிடும். கிரெடிட் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்த கடன் கிடைப்பது கடினம்.

ஆள் வந்து மிரட்டினால்

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ போன் செய்யக் கூடாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது, அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்தக் கூடாது. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

படி 7: சுவாதீன நோட்டீஸ் ஒட்டப்பட்டால்

60 நாள் முடிந்ததும் வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுத்ததாக நோட்டீஸ் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் செய்யும். ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். இது பெரும்பாலும் காகிதச் சுவாதீனம்தான். அன்றே வெளியேற வேண்டியதில்லை. ஆளை வெளியேற்ற வங்கி வழக்கமாக மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உத்தரவு வாங்கிக்கொண்டுதான் வரும்.

ஆனால் இந்த நாளிலிருந்து 45 நாள் என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். தமிழ்நாட்டில் இது சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் வக்கீலிடம் ஜாக்கிரதை. இந்த விஷயத்தில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று சட்டத்தின் 34-வது பிரிவே சொல்கிறது. தீர்ப்பாயம் இரக்கத்துக்காகத் தடை தராது. நோட்டீஸ் முறையாகத் தரப்பட்டதா, ஆட்சேபத்துக்குப் பதில் தந்தார்களா என்றுதான் பார்க்கும். படி 4-ல் நீங்கள் அனுப்பிய கடிதம் இங்கேதான் உதவும். தடை கிடைத்தாலும் பெரும்பாலும் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100-ல் கேட்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.

படி 8: ஏல விளம்பரத்துக்கு முந்தைய நாள்

முன்பெல்லாம் ஏலம் முடியும்வரை பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம் என்று நம்பப்பட்டது. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஏல விளம்பரம் வெளியாகும் தேதிக்கு முன்பாக முழுக் கடனையும் செலவுகளோடு செலுத்தினால்தான் மீட்கும் உரிமை உண்டு. பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஏலத்தன்று காலையில் பணத்தோடு போய் நிற்பவருக்கு இனி இடமில்லை.

ஏலம் நடந்தே தீரும் என்றாலும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் மதிப்பைப் பெற்றே குறைந்தபட்ச விலை வைக்க வேண்டும். அது மிகக் குறைவு என்றால் அப்போதே ஆட்சேபியுங்கள். கடனும் செலவும் போக மிஞ்சும் பணம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். விற்ற தொகை கடனுக்குப் பற்றாவிட்டால் மீதிக்கு வங்கி உங்கள் மேல் வழக்குப் போடவும் முடியும்.

கடன் தீர்ந்த பிறகு

தவணையைச் சரிசெய்து தீர்த்தாலும் சமரசத்தில் முடித்தாலும் வேலை பாக்கி இருக்கிறது. முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடன் வாங்கும்போது பத்திரத்தை வங்கியில் ஈடாக வைத்ததற்கான எம்.ஓ.டி. ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். அதை நீக்க வங்கியை வரவழைத்து ரசீது ஆவணம் பதிவு செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, ரசீது அதில் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். கிரெடிட் ரிப்போர்ட்டிலும் கணக்கு மூடப்பட்டதாக வந்திருக்க வேண்டும். வராவிட்டால் வங்கிக்கு இன்னொரு கடிதம், நகலில் இன்னொரு முத்திரை.