மூடும் நேரமும் மூடிய வாசலும்

மேற்படிப்புக்காகப் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பும் இல்லங்கள் நம்மிடையே பெருகி விட்டன. அப்படிச் செல்லும் நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. புறப்படும் நாளில் வாப்பா, "குடிக்காதே" என்று ஒரு சொல் சொல்லி அனுப்புகிறார். பிள்ளையும் தலையசைக்கிறான். அந்த ஒரு சொல் போதுமா என்பதே இங்கு நாம் ஆராய வேண்டிய விஷயம். அங்கே மது குடிப்பவனின் குவளையோடு நிற்பதில்லை. சாப்பிடும் இடத்திலும், கூலிக்கு உழைக்கும் இடத்திலும், நண்பர்கள் கூடும் இடத்திலும் அது முன்னே வந்து நிற்கிறது. ஓர் ஊரை எடுத்துக் கொண்டு இதைப் பார்ப்போம்.

ஊரும் வழக்கமும்

சிட்னிக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், ஹண்டர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ளது நியூகாசில் நகரம். நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர் போன துறைமுகம். 1915 முதல் 1999 வரை பெரிய இரும்பு ஆலை ஒன்று அங்கு இயங்கியது. சுரங்கத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர், மாலுமிகள் ஆகியோரை நம்பி மதுக்கடைகள் பெருகின. 1965-ல் தனிப் பல்கலைக் கழகம் ஏற்பட்டது. அதன் பின் மாணவர் கூட்டமும் சேர்ந்து கொண்டது.

புதிதாகச் செல்லும் பிள்ளை முதலில் அறிய வேண்டியது ஒரு சொல்லின் பொருள். நம் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. அங்கே பழைய கட்டடத்தின் நெற்றியில் 'ஹோட்டல்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது 'பப்' எனப்படும் மதுக்கடையே. மது விற்க உரிமம் வேண்டுவோர் தங்கும் அறைகளும் வைத்திருக்க வேண்டும் என்ற பழைய சட்டத்தால் வந்த பெயர் அது. 'கிளப்' என்பவை உறுப்பினர் சங்கங்கள். அங்கே மலிவாகச் சாப்பாடு கிடைக்கும்; ஆனால் மதுவும் உண்டு, காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரங்களும் உண்டு. அம்மாநிலத்தில் கிளப்புகளுக்கு 1956-லும், பப்புகளுக்கு 1997-லும் இவ்வியந்திரங்கள் அனுமதிக்கப்பட்டன. 'நைட் கிளப்' என்பது நள்ளிரவு தாண்டியும் ஆடலும் பாடலும் மதுவுமாக நடக்கும் இடம்.

அல்மாயிதா அத்தியாயத்தின் 90-வது ஆயத்தில் அல்லாஹுத்தஆலா மதுவையும் சூதையும் சேர்த்தே விலக்கியிருக்கிறான். அவ்விரண்டும் இங்கே ஒரே கூரையின் கீழ் இருப்பதைக் காண்கிறோம்.

கடிகாரத்தின் சட்டம்

மதுவின் தீமையை அந்நாட்டார் அறியாதவர்கள் அல்லர். 1916-ல் அம்மாநிலத்தில் மாலை 6 மணிக்கே மதுக்கடைகளை மூட வேண்டுமென்று சட்டம் வந்தது. விளைவு என்ன? வேலை முடிந்து வந்தவர்கள் மணி அடிப்பதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் அவசர அவசரமாகக் குடித்தார்கள். 1955-ல் அச்சட்டம் நீங்கியது.

1979 செப்டம்பர் 19 அன்று நியூகாசிலில் ஸ்டார் ஹோட்டல் என்ற பப்பின் கடைசி இரவு. ஆயிரக்கணக்கானோர் தெருவில் கூடினர். மூடும் நேரத்தில் போலீஸாருடன் மோதல் மூண்டது. போலீஸ் வண்டிகள் கவிழ்க்கப்பட்டு எரிக்கப்பட்டன.

பின்னாளில் கடைகள் அதிகாலை 5 மணி வரை திறந்திருந்தன; அடிதடி மிகுந்தது. 2008 மார்ச்சில் நகர மையத்தின் 14 மதுக்கடைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. சிறு மாறுதலுக்குப் பின், 1.30 மணிக்கு மேல் புதிதாக எவரையும் உள்ளே விடக் கூடாது, 3.30 மணிக்கு மூட வேண்டும் என்று நிலைத்தது. இரவு 10 மணிக்கு மேல் கடும் மது வகைகள் சிலவும் தடுக்கப்பட்டன. அதன் பலனைப் பல்கலைக் கழக ஆய்வாளர்கள் பக்கத்துப் பகுதியான ஹாமில்டனோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். இரவு நேரத் தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தன. ஆயினும் இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டுமென்ற குரல் ஓயவில்லை. பிற்பாடு சிலவற்றைத் தளர்த்தவும் செய்தார்கள்.

ஒன்றரை மணி நேரம் குறைந்ததற்கே இத்தனை பேர் அடியிலிருந்து தப்பினார்கள் என்றால், பகைமையும் வெறுப்பும் மூட்டவே ஷைத்தான் மதுவையும் சூதையும் பயன்படுத்துகிறான் என்று 91-வது ஆயத்து உணர்த்துவதன் உண்மை விளங்குகிறதல்லவா?

படிப்படியாக வந்த தடை

நம் மார்க்கத்திலும் தடை ஒரே நாளில் வரவில்லை. முதலில் அல்பகரா 219-வது ஆயத்து, மதுவிலும் சூதிலும் உள்ள பயனைவிடப் பாவமே பெரிது என்று உணர்த்தியது. அடுத்து அன்னிஸா 43-வது ஆயத்து, போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்று விலக்கியது. ஐவேளையும் தொழுபவனுக்குக் குடிக்க நேரம் ஏது? இஷாவுக்குப் பிந்திய இரவு மட்டுமே மிஞ்சியது. இதுவும் ஒருவகையில் நேரக் கட்டுப்பாடுதான். ஆனால் ஷரீஅத் அத்துடன் நிற்கவில்லை. மூன்றாவதாக அல்மாயிதா ஆயத்து இறங்கி வாசலையே மூடி விட்டது.

அந்நேரம் ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள், அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் விருந்தினருக்கு மது ஊற்றிக் கொண்டிருந்தார்கள். அறிவிப்பைக் கேட்டதும் கொட்டி விடும்படி சொல்லப்பட்டது. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. எத்தனை மணி வரை குடிக்கலாம் என்று அங்கே எவரும் வாதாடவில்லை. கடிகாரத்தைக் கொண்டு கட்டுவதற்கும் ஈமானைக் கொண்டு கட்டுவதற்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவை

முதலாவது, அமரும் இடம். வகுப்புத் தோழர்கள் பரீட்சை முடிந்ததும் பப்பில் கூடுவார்கள். "நீ தண்ணீர் குடி, யார் வேண்டாமென்றது?" என்பார்கள். ஆனால் அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்பியவர், மது பரிமாறப்படும் விரிப்பில் அமரலாகாது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. குடிக்காதவனுக்கும் இது பொருந்தும். அதற்காகத் தோழர்களிடம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. கடற்கரையில் சந்திக்கலாம், தன் அறைக்கு அழைத்து, தானே ஆக்கிய பிரியாணியைப் பரிமாறலாம். மறுப்பவன் மாற்று வழியும் காட்டினால் நட்பு கெடாது.

இரண்டாவது, சம்பாத்தியம். கல்லூரி நடக்கும் காலத்தில் அயல்நாட்டு மாணவர் இரு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது 2023 ஜூலை முதல் உள்ள விதி. இரவு வேலைக்கு ஆள் தேடும் இடங்களில் மதுக்கூடங்கள் முன்னே நிற்கும். மது பரிமாறுவதற்கென்று தனிப் பயிற்சியும் சான்றும் அங்கே கட்டாயம். அந்தச் சான்றைக் கேட்கும் வேலை எதுவென்று பிள்ளை அப்போதே புரிந்து கொள்ள வேண்டும். மதுவின் விஷயத்தில் பிழிபவர், சுமப்பவர், பரிமாறுபவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் என்று பத்துப் பேரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். வீடு தேடி உணவு கொண்டு கொடுக்கும் வேலையிலும் மதுப் புட்டி கலந்து வரலாம். கேட்டுத் தெரிந்து கொண்டே சேர வேண்டும். சந்தேகமான வேலையென்றால் ஆலிம் ஒருவரிடம் விவரம் சொல்லிக் கேட்கட்டும்.

இதில் பெற்றோருக்கும் பங்குண்டு. வாடகைக்குத் தட்டுப்பாடு வரும்படி விட்டு விட்டு, "ஹராமான வேலை பார்க்காதே" என்பது நியாயமாகாது. ஓராண்டுச் செலவைக் கணக்கிட்டு, இயலுமானால் அனுப்புங்கள்.

மூன்றாவது, சாப்பாடு. கிளப்பில் மலிவு என்று நுழைந்தால் இறைச்சி ஹலாலா என்ற கேள்வியோடு, மதுவும் சூதும் சூழ்ந்த மேஜையும் வந்து சேரும். நியூகாசிலின் வால்சென்ட் பகுதியில் பள்ளிவாசல் இருக்கிறது. முதல் ஜும்ஆவிலேயே அங்கு சென்று, ஹலால் இறைச்சி கிடைக்குமிடத்தையும் நல்ல தோழர்களையும் விசாரித்துக் கொள்ளச் சொல்லுங்கள். நகரத்தின் இரவுக் கடைகளை ஒட்டி அறை எடுப்பதைவிடப் பள்ளிக்கு அருகே எடுப்பது மேல்.

மூடக் கூடாத வாசல்

இவ்வளவும் சொல்லி அனுப்பிய பின்னும் ஒரு பிள்ளை சறுக்கி விட்டால் என்ன செய்வது? நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் மது அருந்திய குற்றத்துக்காகத் திரும்பத் திரும்பக் கொண்டு வரப்பட்டார். தண்டனையும் பெற்றார். அங்கிருந்த ஒருவர் அவரைச் சபித்தபோது, சபிக்க வேண்டாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் ரசூலையும் நேசிப்பவர் என்று கூறினார்கள். குற்றத்தை அவர்கள் குற்றமில்லை என்று சொல்லவில்லை. மனிதரைக் கைவிடவும் இல்லை.

ஆகவே பெற்றோர்களே! தொலைபேசியில் உண்மையைச் சொல்லும் பிள்ளையைத் திட்டி வாயடைத்து விடாதீர்கள். இன்று ஏசினால் நாளை அவன் மறைப்பான். மதுவின் வாசலை மூடச் சொல்லுங்கள். தௌபாவின் வாசலும் உங்கள் வீட்டு வாசலும் திறந்தே இருக்கின்றன என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் மக்களை எங்கிருந்தாலும் காத்தருள்வானாக! ஆமீன்.