மாற்றிய இடுப்பு மூட்டு மறுபடி வலித்தால்

இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்ட பின்னும் வேதனை தீராதவர்கள், மறுமுறை சஸ்திர சிகிச்சைக்குச் சம்மதிக்குமுன், முதல் சிகிச்சை எக்காரணத்தால் பயனற்றுப் போயிற்று என்பதைத் திட்டமாக அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில் காரணம் விளங்காத வலிக்காகச் செய்யப்படும் சிகிச்சை பெரும்பாலும் ஏமாற்றத்தையே அளிக்கிறது. பிட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழும் இறங்கும் நோவு, மூட்டைச் சாராமல் முதுகெலும்பிலிருந்து வருவதாயிருத்தலும் சாத்தியமே.

எல்லாவற்றிலும் முக்கியமாக, கிருமித் தொற்று உண்டா என்பதை ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்னும் ரத்தப் பரிசோதனைகளாலும், சந்தேகமிருப்பின் மூட்டிலிருந்து ஊசியால் நீரெடுத்தும் நிச்சயித்துக்கொள்ளாமல் தேதி குறிக்க இசையாதீர்கள். தொற்று இருக்குமாயின், பழைய மூட்டை அகற்றிச் சில வாரங்கள் மருந்தளித்து, அதன் பின்னரே புதியதைப் பொருத்தும் இரண்டு கட்டச் சிகிச்சை தேவைப்படலாம்.

பழைய எக்ஸ்ரே படங்களைத் தேதி வரிசையில் கொண்டுசெல்லுங்கள். பொருத்திய மூட்டின் பெயர், எண் அடங்கிய சீட்டையும் கேட்டுப் பெறுங்கள். 2010-இல் திரும்பப் பெறப்பட்ட ஏ.எஸ்.ஆர். போன்ற, உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டானால், ரத்தத்தில் கோபால்ட், குரோமிய அளவையும் பார்க்கவேண்டும்.

இத்தகைய மறு சிகிச்சையை அடிக்கடி செய்து பழகிய வேறொரு நிபுணரின் அபிப்பிராயத்தையும் பெறுதல் நலம். வலி பொறுக்கத்தக்கதாய், படங்களில் மாறுதலின்றி இருப்பின், ஊன்றுகோலின் துணையோடு காத்திருப்பதில் தவறில்லை. எலும்பு கரைந்து வருவது தெரிந்தால் தாமதம் அடுத்த சிகிச்சையைக் கடினமாக்கும். ஜுரம், தழும்பில் சீழ், திடீரெனக் காலூன்ற இயலாமை ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.