டீசல் வடிகட்டியை மாற்றியபின் பம்பு இரைவதேன்?

திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையிலுள்ள வேப்பம்பட்டிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் ஏர்மாட்டின் ஸ்தானத்தை டிராக்டரே வகித்து வருகிறது. சம்பா நாற்று பறிக்கும் பக்குவத்தில் இருக்கையில் டிராக்டர் சில நாள் நின்றுபோனால், நாற்று முதிர்ந்து விளைச்சல் குன்றும். இவ்வாறு நிற்கச் செய்யும் குறைகளுள் ஒன்று, டீசல் வடிகட்டியைப் புதிதாக மாற்றிய உடனே பம்பு முன்னிராத விதமாய் இரைந்து, இஞ்சின் தடுமாறுவதாகும். பம்பே கெட்டுவிட்டதென்று அதைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புவோர் உண்டு. பெரும்பாலும் குற்றம் பம்பினுடையதன்று. உள்ளே தங்கிய காற்றினுடையதே.

காற்று செய்யும் கேடு

கிணற்றுப் பம்பை உடையவர்களுக்கு இது புதிதன்று. உறிஞ்சு குழாயில் காற்றிருந்தால் பம்பு வெறுமனே சுழன்று இரையுமேயன்றி நீரை ஏற்றாது. குழாயில் நீரூற்றி நிரப்பிய பின்னரே வேலை செய்யும். டீசல் பம்பின் தன்மையும் அத்தகையதே. பழைய வடிகட்டியைக் கழற்றும்போது அதிலிருந்த டீசல் வெளியேறி, அவ்விடத்தைக் காற்று நிரப்புகிறது. டீசல் அழுத்தத்திற்கு இடங்கொடாது, காற்றோ சுருங்கும். பம்பு கொடுக்கும் அழுத்தமெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே கழிவதால், நாசில் டீசலைத் தெளிப்பதில்லை.

மேலும், பம்பின் உள் உறுப்புகளுக்கு டீசலே மசகும் ஆகும். அவற்றினிடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. டீசலின்றி அவை உராய்ந்தால் விரைவில் தேயும். ஆகையால் “ஓட ஓடச் சரியாகும்” என்று இரையும் பம்பை நெடுநேரம் ஓட்டுதல் கூடாது. சிறு செலவில் தீர வேண்டிய குறை பெருஞ்செலவாக முடியும்.

காற்றை நீக்கும் முறை

பழைய மாதிரி டிராக்டர்களுக்கும் டீசல் பம்புசெட்டுகளுக்கும் பின்வரும் முறை ஏற்றது:

1. தொட்டியில் போதிய டீசல் இருப்பதையும், அடைப்பான் திறந்திருப்பதையும் பார்க்க.

2. வடிகட்டியின் தலைப்பிலுள்ள காற்றுத் திருகை இரண்டொரு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க. முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழியின்றி டீசல் மட்டும் வந்ததும், அடித்துக்கொண்டே திருகை இறுக்குக.

3. இரண்டு வடிகட்டிகள் இருந்தால், தொட்டிக்கு அருகிலுள்ளதில் தொடங்கி வரிசையாகச் செய்க. பிறகு பெரிய பம்பின் காற்றுத் திருகிலும் அவ்வாறே செய்க.

4. இன்னும் கிளம்பாவிடில், நாசில்களில் சேரும் குழாய் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றுக. டீசல் தடையின்றிக் கசிந்ததும் ஸ்டார்ட்டரை நிறுத்தி நட்டுகளை இறுக்குக. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுழற்றாமல், இடையே ஒரு நிமிஷமாவது ஓய்வு கொடுக்க வேண்டும்.

மறுபடியும் இரைந்தால்

காற்றை நீக்கியதும் ஒலி அடங்கி, அடங்கியபடியே இருந்தால் வேலை முடிந்தது. சிறிது நேரத்தில் மீண்டும் இரைந்தால் காற்று எங்கோ புகுந்துகொண்டேயிருக்கிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். அழுத்தமுள்ள பக்கத்தில் பழுதிருந்தால் டீசல் வெளியே சொட்டும். உறிஞ்சும் பக்கத்திலோ ஒரு சொட்டும் வெளிவராமலே காற்று உள்ளே இழுக்கப்படும். ஆகவே குழாய் உலர்ந்திருப்பது குறையின்மைக்கு அத்தாட்சியாகாது. தொட்டியிலிருந்து சிறு பம்பு வரையுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பும், கிளிப்பில் தளர்ச்சியும் உண்டா என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் வடிகட்டியே உறிஞ்சும் பக்கத்தில் அமைந்திருக்கும். பழைய ரப்பர் வளையம் தலைப்பில் ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேல் புதியதை வைத்து இறுக்குவதும், தேய்ந்த செப்பு வாஷரையே மீண்டும் இடுவதும் அடிக்கடி நிகழும் பிழைகள்.

காற்றில்லாமலும் ஒலி நீடித்தால் டீசல் வரத்துக் குறைவென்று அறியலாம். தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கலாம்; மூடியைத் தளர்த்தியதும் ஒலி குறைந்தால் அதுவே காரணம். தொட்டியின் சல்லடை அழுக்கேறியிருக்கலாம். அல்லது அந்த இஞ்சினுக்கு உரியதல்லாத வடிகட்டி பொருத்தப்பட்டிருக்கலாம். இவையனைத்தும் சரியாயிருந்தால் மட்டுமே பம்பைப் பட்டறைக்கு அனுப்புதல் தகும்.

புது மாதிரி இஞ்சின்கள்

‘காமன் ரெயில்’ முறையில் அமைந்த இஞ்சின்களுக்கு மேற்கூறிய நான்காம் படி அறவே ஆகாது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாடு 2023 ஜனவரி முதல் கடுமையானபின் இம்முறை வயலிலும் பரவியுள்ளது. இதில் டீசல் ஆயிரம் பார் அழுத்தத்திற்கு மேலும் செல்லும். அந்தக் குழாயைத் தளர்த்தினாலும், கசிவைக் கையால் தடவிப் பார்த்தாலும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் பாயும். காயம் ஊசிமுனையளவாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரும். இவ்வகையில் மின்பம்பு இருந்தால், சாவியைப் பலமுறை ‘ஆன்’ நிலையில் வைத்துச் சில விநாடி காத்திருந்து டீசலை நிரப்பலாம். கைப்பம்பு இருந்தால் அதையே அடிக்கலாம். புது வடிகட்டியின் நடுத்துவாரத்தில் டீசலை ஊற்றுதல் கூடாது; வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கத்திற்குச் சென்று நாசிலைக் கெடுக்கும்.

வடிகட்டியை நடவுக்கு முன்பே, வேலையில்லாத நாளில் மாற்றுவது உசிதம். அப்போது காற்றை நீக்கி அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க அவகாசம் கிடைக்கும். கூட்டுறவுச் சங்கத்தின் டிராக்டர்களை மேற்பார்க்கும் கிராம அலுவலர்கள், வடிகட்டி மாற்றிய தேதியையும் ஓடிய மணியையும் பதிவேட்டில் குறித்து, மாற்றிய அன்றே இச்சோதனையையும் செய்விப்பார்களாயின், நடவுக் காலத்தில் பலருடைய வயல்கள் ஒரு டிராக்டருக்காகக் காத்திருக்க நேராது.