வில் எங்கே திரும்ப வேண்டும்

திருச்சி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

மார்கழியில் மதியக் கச்சேரி ஒன்றுக்கு உன்னை வயலின் பக்கவாத்தியம் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று உன் அப்பா சொன்னான். மனசு நிறைந்துவிட்டது. நீ போனில் கேட்டதெல்லாம் கல்பனாஸ்வரத்தைப் பற்றித்தான். பாடுகிறவர் வேகமாகப் போய்விட்டால் எப்படித் திருப்பிக் கொடுப்பது, கோர்வை பிடிபடாவிட்டால் என்ன செய்வது என்று. அதற்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. நீ அனுப்பிய ஒலிப்பதிவை ராத்திரி திரும்பத் திரும்பக் கேட்டேன். இடது கை சுத்தமாக இருக்கிறது, சுருதி விலகவில்லை. வில் கைதான் இன்னும் ஸ்வரத்தை வாசிக்கிறது. அது பாட்டை வாசிக்க வேண்டும்.

ஹம்சத்வனியில் ‘வாதாபி கணபதிம்’ வாசித்திருக்கிறாயே, அதை எடுத்துக்கொள். முதல் சொல்லுக்குள் எத்தனை முறை வில் திரும்புகிறது என்று நீயே கேட்டுப் பார். ஸ்வரம் மாறும்போதெல்லாம் திருப்புகிறாய். பாடுகிறவர் ஒரு சொல்லை ஒரே மூச்சில் சொல்கிறார்; உன் வில்லோ அதைத் துண்டு துண்டாக்குகிறது. சொல் தொடங்கும் இடத்தில் வில்லைத் திருப்பலாம். அழுத்தி உச்சரிக்கும் எழுத்திலும் திருப்பலாம். ஒரு நெடிலின் நடுவில், கமகம் அசைந்துகொண்டிருக்கும்போது மட்டும் திருப்பாதே. அப்படித் திருப்பினால் அந்த எழுத்து உடைந்துபோகும், சாகித்யம் தெரிந்த ரசிகருக்கு அது உடனே கேட்டுவிடும்.

அதனால் எந்தக் கீர்த்தனையையும் முதலில் வாயால் பாடு. நல்ல குரல் வேண்டாம், சுருதியும் தாளமும் இருந்தால் போதும். சாகித்யத்தை நோட்டில் எழுதி, வில் திரும்பும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொள். லால்குடி ஜயராமன் வாசித்த கீர்த்தனைகளைக் கேள். பாட்டு தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் வில்லிலேயே கேட்கும். அந்தச் சுகம் வலது கையில் பிறக்கிறது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் மேற்கத்திய வாத்தியமான வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அது இங்கே இவ்வளவு உறுதியாக ஊன்றியதற்குக் காரணம், மெட்டுகள் இல்லாத பலகையில் விரல் குரலைப் போல வழுக்கிப் போகலாம், வில் குரலைப் போல நீளலாம் என்பதுதான் என்று நான் நம்புகிறேன். குரலின் பக்கத்தில் உட்காரும் வாத்தியம் பாடத்தான் வேண்டும்.

இனி வில் சாதகம். தினமும் முதல் வேலையாக மந்திர ஸட்ஜத்தை மட்டும் எடு. விரல் வேண்டாம், வெறும் தந்தி. சவுக்கத்தில் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனத்துக்கு ஒரு வில். பிடிப் பக்கத்திலிருந்து நுனி வரைக்கும், நுனியிலிருந்து பிடி வரைக்கும் ஓசை ஒரே கனத்தில் இருக்க வேண்டும். உனக்கு நுனியில் சத்தம் மெலிகிறது. அங்கே ஆள்காட்டி விரல் கொஞ்சம் எடை கொடுக்க வேண்டும். பிடிப் பக்கம் வரும்போது வில்லின் கனமே அதிகம், அதைச் சுண்டுவிரல் தாங்கிக்கொள்ள வேண்டும். உன் சுண்டுவிரல் விறைத்து நிற்கிறது. அதை வளைத்து வை. வில் மெதுவாக நகரும்போது பிரிட்ஜ் பக்கமாகக் கொஞ்சம் நெருங்கு, வேகமாக நகரும்போது விரல் பலகைப் பக்கம் விலகு. ஒரு ஆவர்த்தனம் நிலைத்ததும் ஒரே வில்லில் இரண்டு ஆவர்த்தனத்துக்குப் போ. அதற்குப் பிறகு ‘விரிபோனி’ வர்ணம், முதல் காலத்தில் மட்டும். வர்ணத்தில் சொற்கள் குறைவு, நெடில்கள் நீளம். பைரவியின் கமகங்களை ஒரே வில்லுக்குள் அடக்கக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. டி.என். கிருஷ்ணனின் நீள வில்லையும் கேள். வில் திரும்பியதே தெரியாது.

அழுத்தி வாசிக்கும் பழக்கத்தை விட்டுவிடு. மைசூர் சௌடையா ஏழு தந்தி போட்ட வயலின் வைத்திருந்தார். மைக் இல்லாத பெரிய கூட்டங்களில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே என்ற கவலை அந்தக் காலத்துக்கு இருந்தது. உனக்கு மைக் இருக்கிறது. அழுத்தினால் அது வில்லின் கரகரப்பைத்தான் பெரிதாக்கிக் கொடுக்கும். ரோசினையும் அள்ளித் தேய்க்காதே.

இடது கையைப் பற்றி ஒன்றே ஒன்று. தோடி காந்தாரத்தை இரண்டு விரலால் தட்டி வாசிக்கிறாய். ஒரே விரல் ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்தியமத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும், அந்த அசைவின் வேகம் பாட்டின் காலப்பிரமாணத்தோடு போக வேண்டும். கட்டைவிரல் கழுத்தை இறுக்கிப் பிடித்தால் இது வராது. நாம் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் சாய்த்து, அடிப்பக்கத்தை மார்பில் வைத்துக்கொள்வதே இடது கை எதையும் தாங்காமல் ஓடட்டும் என்றுதான். வயலினைக் காலும் மார்பும் தாங்கட்டும். மேடை ஜமக்காளத்தில் கால் அழுந்திப் போனால் கணுக்காலுக்குக் கீழே மடித்த துண்டு ஒன்று வைத்துக்கொள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சுண்டுவிரலிலோ முன்கையிலோ மரத்துப்போகிற மாதிரி இருந்தால் அன்றைக்கு வாத்தியத்தை மூடிவிட்டு டாக்டரிடம் போ. வலியைத் தாங்கிக்கொண்டு சாதகம் செய்வதை நம் வீட்டில் பெருமையாகப் பேசுவார்கள். அதைக் கேட்காதே.

சுருதி விஷயம். நீ பக்கம் வாசிக்கப்போகிற அந்த அம்மா 5.5 கட்டையில் பாடுகிறவர், நீ வீட்டில் 4.5 கட்டையில் வாசிக்கிறாய். இன்றைக்கே ஏற்றிவிடு. விரல் வைக்கும் இடங்கள் மாறாது, தந்தியின் விறைப்பு மாறும், வில் பிடிக்கும் விதம் மாறும். கைக்கு அது பழகச் சில வாரம் ஆகும். தந்தியும் ஏற்றிய சுருதியில் நிலைக்க நாள் எடுக்கும். கச்சேரியன்று சீக்கிரம் போய்ப் பெட்டியைத் திறந்து வை. ஏ.சி. குளிரில் சுருதி நகரும், பிருடை வழுக்கும். தம்புராவோடு மெதுவாகச் சேர்த்துக்கொள். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் சபை முழுக்கக் கேட்க முறுக்கிக்கொண்டிருப்பது பாடுகிறவரின் மனசைக் கலைக்கும்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். ஆலாபனையில் அவர் பாடும்போது பின்னாலேயே, அவர் குரலைவிடத் தணிந்து போ. ஒவ்வொரு பிடியையும் எதிரொலிக்க வேண்டாம். அவர் நிற்கிற ஸ்வரத்தைப் பிடித்துக் கொடுத்தால் போதும். தார ஸ்தாயியில் கார்வை கொடுத்து நிற்கிறார் என்றால் உன் வில் அந்த ஸ்வரத்திலேயே இருக்கட்டும், அங்கே சங்கதி போடாதே. உன் முறை வரும்போது அவர் பாடியதில் பாதி நேரம் ஏராளம். ராகம் எது என்பதை முதல் பிடியிலேயே காட்டிவிடு.

நிரவலில் சாகித்யத்தை விடாதே. இங்கேதான் பென்சில் கோடு உதவும்.

கல்பனாஸ்வரத்தில் அவர் எந்த ஸ்வரத்தில் முடித்தார், எடுப்பு எங்கே என்ற இரண்டைப் பிடித்துக்கொள். மதுரை மணி ஐயருக்கு லால்குடி வாசித்த ஒலிப்பதிவுகளில் இதைக் கவனி. பதில் கேட்டதன் சாயலில் இருக்கும், கணக்கில் தடுமாற்றம் இருக்காது. குறைப்பில் உனக்குச் சந்தேகம் வந்தால் மிருதங்கத்தைக் கேள், அங்கே கணக்கு முழுதாக இருக்கிறது. நீளமான கோர்வை ஒன்றைப் பாடிவிட்டார், உனக்கு விளங்கவில்லை என்றால் அதைத் துரத்தாதே. ராகம் கெடாமல் சர்வலகுவில் நாலு ஸ்வரம் வாசித்து எடுப்பில் சுத்தமாக வந்து சேர். அரைகுறையாகத் திருப்பிக் கொடுத்த கோர்வை அவருக்கும் சங்கடம், மிருதங்கக்காரருக்கும் சங்கடம். கச்சேரி முடிந்ததும் அவரிடமே போய், “அக்கா, அந்தக் கோர்வையைச் சொல்லித் தருகிறீர்களா?” என்று கேள். சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.

தனி ஆவர்த்தனத்தின்போது வில்லைக் கீழே வைத்துத் தாளம் போடு. அந்த நேரத்தில் தந்தியைத் தொட்டுப் பார்ப்பதும் ரசிகர்களைப் பார்ப்பதும் வேண்டாம். மதியச் சாப்பாட்டை அளவாக வைத்துக்கொள். புதுத் தந்தியைக் கச்சேரிக்கு முதல் நாள் மாட்டாதே. முன்னாலேயே மாட்டி, மாற்றுத் தந்தி ஒரு செட் பெட்டியில் வைத்துக்கொள்.

அந்த அம்மாவிடம் பாட்டுப் பட்டியல் கேட்டுப் பார். சிலர் கொடுப்பார்கள், சிலர் மேடையில்தான் முடிவு செய்வார்கள், கொடுக்காவிட்டால் வற்புறுத்தாதே. கிடைத்தால் எனக்கு அனுப்பு. உனக்குத் தெரியாத கீர்த்தனைகளின் சாகித்யத்தைப் பதம் பிரித்து எழுதி அனுப்புகிறேன், கோடு நீ போடு. ஞாயிற்றுக்கிழமை மந்திர ஸட்ஜ சாதகத்தை மட்டும் பதிவு செய்து அனுப்பு. வேறெதுவும் இப்போது வேண்டாம்.

அன்புடன்,
அத்தை