ஆகஸ்ட்டில் வராதீர்கள்

ஐரோப்பாவிலிருந்து குழந்தைகள் இல்லம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட்டில்தான் வருவார்கள். அவர்களுக்கு அது கோடை விடுமுறை. நமக்கோ பள்ளிக்கூடம் சூடுபிடித்திருக்கும் நேரம். மேட்டூர்த் தண்ணீர் வந்திருந்தால் ஆறு நிறைய ஓடும், ஆடிப்பெருக்குக் கூட்டமும் இருக்கும். படம் பிடிக்க நல்ல பருவம். ஆனால் டெல்டாவில் ஒரு பையன் ஏன் இல்லத்துக்கு வந்து சேர்கிறான் என்பது அந்த மாதங்களில் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மாசி, பங்குனியில் வர வேண்டும். சம்பா அறுத்த தரிசில் ஆட்டுக்கிடை போடும் காலம் அது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து மந்தைகள் வரும். எருவுக்காக நிலத்துக்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று மந்தைக்காரரான கீதாரிக்குக் கொடுப்பார். மந்தையோடு நடக்கவும் ராத்திரி காவல் இருக்கவும் ஆள் வேண்டும். சின்னப் பையன் என்றால் மலிவு. அப்பன் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை போகிறான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போட்ட பிறகு இப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் இல்லத்தில் நெடுநாளாக வேலை பார்க்கிறேன். ஜெர்மனியில் இதே வேலை செய்யும் ஒரு நிறுவனத்தோடு எங்களுக்குப் போக்குவரத்து உண்டு. வெளிநாட்டுத் தொடர்பு கிடைக்குமா என்று பக்கத்து இல்லங்களில் கேட்கிறார்கள். கிடைக்கும். கிடைத்தால் என்ன செய்வது என்பதில்தான் கோளாறு.

அந்தக் கோளாறை 2004 சுனாமி காட்டிக்கொடுத்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் உலகத்தின் பாதி அமைப்புகள் நாகப்பட்டினத்தில் இருந்தன. ஒரே பிள்ளையிடம் காலையில் ஒரு குழு, மாலையில் இன்னொரு குழு, "அலை வந்தப்ப நீ எங்க இருந்தே?" என்று கேட்டது. அலையை வரையச் சொல்லி வரையச் சொல்லி, பிள்ளைகள் நீலக் கிரேயானைத் தொடவே அலுத்துக்கொண்டார்கள். 2005 ஜனவரியில் சிநேகா தொண்டு நிறுவனமும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் முன்னின்று ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கின. எந்தக் குப்பத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரே இடத்தில் பார்க்க முடிந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. பணம் கொடுக்க வந்தவர்களை விட, எங்கே போக வேண்டாம் என்று சொன்னவர்கள் அன்றைக்குப் பெரிய உதவி செய்தார்கள் என்பேன்.

அதனால் இப்போது எங்கள் முதல் விதி, வருகிறவர்கள் பிள்ளைகளைப் பார்க்க வரக் கூடாது, பணியாளர்களைப் பார்க்க வர வேண்டும். வரவேற்பு நடனம் கிடையாது. மாலை, சால்வை கிடையாது. பிள்ளைகளின் முகம் தெரியும் படம் கிடையவே கிடையாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-ன்படி அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுகிறோம். வந்து இறங்கிய பிறகு சொன்னால் முகம் வாடும்.

பணியாளர்களைச் சந்திப்பதில் என்ன கிடைக்கும்? ஒரு பையன் கிடையிலிருந்து மீட்கப்பட்டு எங்களிடம் வந்தான். கட்டிலில் படுக்க மாட்டான். எல்லோரும் தூங்கிய பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வருவான். பக்கத்தில் ஒரு கம்பு. வாட்ச்மேன் எழுப்பி உள்ளே அனுப்புவார். அரை மணியில் திரும்ப வருவான். அப்போது வந்திருந்த ஜெர்மன் பணியாளர், 2015-ல் ஆப்கானிஸ்தான், சிரியாவிலிருந்து தன்னந்தனியாக வந்து சேர்ந்த பையன்களோடு வேலை பார்த்தவர். அவர்கள் இல்லத்தில் ஒருவன் மாதக்கணக்கில் ஷூவோடு தூங்கினானாம்.

"கழட்டச் சொன்னீங்களா சார்?" என்று வாட்ச்மேன் கேட்டார்.

"இல்லை. ராத்திரி நாங்க முழிச்சிருக்கோம்னு அவனுக்குத் தெரியற மாதிரி பக்கத்து அறையில லைட்டைப் போட்டு வெச்சோம்."

அன்றைக்கு ராத்திரியே வாட்ச்மேன் தன் நாற்காலியைப் பையன் கண்ணில் படும்படி வராந்தாவில் போட்டுக்கொண்டார். "நான் பாத்துக்குறேன், நீ தூங்கு தம்பி" என்றார், அவ்வளவுதான். கம்பை யாரும் பிடுங்கவில்லை. ஐப்பசி மழை வருவதற்குள் அவனாகவே உள்ளே போய்ப் படுத்தான். இது எந்தக் கருத்தரங்கிலும் கிடைத்திருக்காது. ராத்திரி டியூட்டி பார்த்த இருவர் பேசிக்கொண்டதால் கிடைத்தது.

ஆகவே நம் பக்கத்திலிருந்து அனுப்பும்போதும் செயலாளரும் பொருளாளரும் மட்டும் போய்வரக் கூடாது. நாங்கள் சமையல் அக்காவை அனுப்பினோம். ஆதாரில் ஒரு பெயர், டி.சி.யில் ஒரு பெயர் இருந்ததால் பாஸ்போர்ட்டுக்கே அலைச்சல். இதை ஒரு வருடம் முன்னாலேயே தொடங்கிவிடுங்கள். அக்கா அங்கே கவனித்தது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் அறை, தன் கையில் சாவி. திரும்பி வந்ததும், "அறை குடுக்க முடியாது, ஒரு பூட்டாவது குடுங்க" என்றார். இப்போது எல்லோருக்கும் பூட்டோடு டிரங்குப் பெட்டி இருக்கிறது. ஜெர்மன்காரர்களை அசத்தியது வேறு: ஒரு பிள்ளை வந்ததும் சித்தி யார், மாமன் எங்கே, அத்தை வைத்துக்கொள்வாளா என்று நாம் உறவைத் தேடித் துழாவுவது.

உரையாடலை யார் மொழிபெயர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஆயா ஐந்து நிமிடம் குறை சொல்லி முடித்ததும், பக்கத்திலிருந்த நிர்வாகி "சந்தோஷமாக இருக்கிறாராம்" என்று முடித்ததை ஓர் இடத்தில் பார்த்திருக்கிறேன். நிர்வாகியும் வேண்டாம், ஆங்கிலம் தெரிந்த பிள்ளையும் வேண்டாம். கல்லூரியிலிருந்து யாரையாவது கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள்.

பணம் பற்றி. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். பணம் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். வாங்கியவர் வேறு நிறுவனத்துக்குக் கைமாற்றக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள். பெரிய நிறுவனத்தின் வழியாகச் சிறிதளவு பெற்று ஓடிய இல்லங்களுக்கு அன்றோடு வரத்து நின்றது. பணத்துக்காக மட்டும் இருந்த உறவுகள் உதிர்ந்தன. எங்கள் உறவு மாதம் ஒரு வீடியோ அழைப்பாக மிஞ்சியது. பெயர் சொல்லாமல் ஒரு பிள்ளையின் சிக்கலை அவர்கள் சொல்வார்கள், ஒன்றை நாங்கள் சொல்வோம். செலவு, இன்டர்நெட் மட்டும்.

அந்த அழைப்புகளில் அதிகம் பேசியது, இல்லத்தை விட்டுப் போக வேண்டிய பதினெட்டு வயதைப் பற்றி. பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் பதினெட்டு முடிகிற பிள்ளையை எங்கே அனுப்புவது? நம் சட்டத்தில் 21 வரை பின்பராமரிப்பு உண்டு. அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் குறைவு. வசதியான ஜெர்மனியிலோ, பராமரிப்பில் இருக்கும் பிள்ளை வேலைக்குப் போனால் சம்பளத்தில் பெரும்பகுதியை அரசு எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளே வளர்ந்து சங்கமாகச் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். 2021-ல் அது 25 சதவீதமாகக் குறைந்து, 2023-ல் ஒழிந்தது.

இதைக் கேட்டதிலிருந்து எங்கள் பழைய பையன்கள், அடுத்த அழைப்பில் பணியாளர்கள் இல்லாமல் அந்த ஊர்ப் பழைய பிள்ளைகளோடு தாங்களே பேச வேண்டும் என்கிறார்கள். ஒத்துக்கொண்டோம். மொழிபெயர்க்க யார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. "நீங்க வேணாம்ணே" என்று என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.