டீசல் ஒழுகும் டிரக்டர்: இடத்தைக் கண்டுபிடிப்போம், திருத்துவோம்

தோட்டத்தில் தொழில் பழகும் இளைஞர்களுக்கும், டிரைவர்மாருக்கும், அவர்களின் வீட்டாருக்கும் இந்தப் பாடம்.

மடுவத்தில் நிறுத்த கொழுந்தை ஸ்டோருக்கு ஏற்றிப்போக, சில தோட்டங்களில் பழைய மாசி பெர்கியூசன் 135 டிரக்டர் இன்னும் ஓடுகிறது. இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் 1960, 70களில் செய்த வண்டி அது. உள்ளே இருப்பது மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சின். பார்த்துப் பராமரித்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும். ஆனால் வயதான எஞ்சினுக்கு அடிக்கடி வரும் தொல்லை டீசல் ஒழுக்கு.

"கொஞ்சம்தானே சொட்டுது" என்று நாம் விட்டுவிடுகிறோம். ஒழுகும் இடத்துக்குக் கீழே ஒரு போத்தலை ஒரு மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். 100 மில்லி லீட்டர் சேர்ந்தால், இரவு பகலாக ஒரு நாளைக்கு 2.4 லீட்டர் மண்ணுக்குப் போகிறது. 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வருஷம் யூன் மாதத்தில் ஒரு லீட்டர் 460 ரூபா வரை ஏறியது. காசு மட்டுமல்ல. தேயிலை எந்த வாடையையும் சட்டென்று இழுத்துக்கொள்ளும். டீசல் பட்ட சாக்கில் போட்ட கொழுந்து கெட்டதுதான். சூடான சைலன்சரில் டீசல் விழுந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

டீசல் போகும் வழி

தாங்கியிலிருந்து டீசல் முதலில் லிப்ட் பம்புக்கு வரும். அங்கிருந்து பில்டர், அதன் பிறகு இன்ஜெக்டர் பம்பு. இதுவரை அழுத்தம் குறைவு. இன்ஜெக்டர் பம்பிலிருந்து நொசிலுக்குப் போகும் மெல்லிய இரும்புப் பைப்களில்தான் பலத்த அழுத்தம். சதுர அங்குலத்துக்கு 2,000 இறாத்தலுக்கும் மேல். நொசிலில் மிஞ்சும் டீசல் சிறிய ரிட்டர்ன் பைப் வழியாகத் திரும்பும்.

இடத்தைக் கண்டுபிடிப்பது

1. எஞ்சின் ஆறிய பிறகு, பைப், பில்டர், பம்பு எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். அழுக்கோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது.

2. பூட்டுகளைச் சுற்றி முகப் பவுடர் அல்லது சோக்குத் தூள் தூவுங்கள். டீசல் பட்ட இடம் கறுத்துக் காட்டும்.

3. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல், லிப்ட் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். அழுத்தம் குறைந்த பக்கத்து ஒழுக்கு இப்போதே தெரியும்.

4. ஒன்றும் தெரியாவிட்டால் ஸ்டார்ட் பண்ணி, மெதுவாக ஓட விட்டுப் பாருங்கள்.

5. சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. டீசல் கீழ்நோக்கி ஓடும். ஆகவே நனைந்த இடங்களில் ஆக மேலே உள்ளது எதுவோ, அதுதான் நாம் தேடும் இடம்.

கையால் தடவிப் பார்க்காதீர்கள்

இந்தப் பாடத்தில் இதை மட்டுமாவது மறக்க வேண்டாம். எஞ்சின் ஓடும்போது இரும்புப் பைப்பில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும், அதில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல் ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் பெரிதாக இராது. உள்ளே சதை அழுகி, விரலையோ கையையோ எடுக்கவேண்டி வரலாம். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு துண்டுக் காட்போர்ட் மட்டையைப் பைப் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். பீறிட்டால் மட்டை நனையும்.

தப்பித் தவறிக் கையில் பட்டுவிட்டால், டிஸ்பென்சரியில் மருந்து போட்டுக்கொண்டு வீட்டில் படுக்க வேண்டாம். 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "அழுத்தத்தோடு டீசல் உள்ளே போய்விட்டது" என்று டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

திருத்துவது

எஞ்சினை நிறுத்தி, தாங்கியின் டெப்பை மூடிய பிறகே ஸ்பானரை எடுங்கள்.

துளையுள்ள போல்ட்டு பூட்டிய இடங்களில் மேலும் கீழும் ஒவ்வொரு செப்பு வாசர் இருக்கும். இரண்டையும் புதிதாகப் போடுங்கள். உடனே கிடைக்காவிட்டால், பழைய வாசரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செப்பு இளகிவிடும், சமாளிக்கலாம்.

இரும்புப் பைப்பின் நட்டு ஒழுகினால், கழற்றி, கூம்பு முனையைத் துடைத்து, பைப் இழுபடாமல் நேராக வைத்துப் பூட்டுங்கள். மட்டுமீறி இறுக்கினால் முனை நசுங்கி, ஒழுக்கு கூடும். வெடித்த இரும்புப் பைப்பை ஒட்டவோ வெல்டிங் பண்ணவோ கூடாது. அதே அளவில் புதியதே போடவேண்டும்.

தாங்கியில் ஊசித் துளை விழுந்தால், உடுப்புச் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்தால் கொஞ்ச நேரம் நிற்கும். அது கராஜ் போய்ச் சேரும் வரைக்குத்தான். டீசல் இருந்த தாங்கியை, காலியாக இருந்தாலும், அப்படியே வெல்டிங் பண்ணினால் உள்ளே உள்ள ஆவி வெடிக்கும். அதற்குரிய முறை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எயார் எடுப்பது

பைப்பைக் கழற்றினால் உள்ளே காற்று புகுந்துவிடும். பில்டரின் எயார் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை லிப்ட் பம்பின் கைப்பிடியை அடித்து, மூடுங்கள். கைப்பிடியில் பிடிப்பே இல்லாவிட்டால் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடியுங்கள். பிறகு இன்ஜெக்டர் பம்பின் ஸ்குரூக்களிலும் அப்படியே. கடைசியாக நொசில் பக்கத்து நட்டுகளைத் தளர்த்தி, முகத்தையும் கையையும் தள்ளி வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். டீசல் வந்ததும் இறுக்குங்கள்.

வெளியே தெரியாத ஒழுக்கு

ஒரு சொட்டும் நிலத்தில் விழாமல், எஞ்சின் ஒயில் மட்டும் நாளுக்கு நாள் கூடினால் சந்தோஷப்பட வேண்டாம். ஒயில் குச்சியை மோந்து பாருங்கள். டீசல் மணந்தால், லிப்ட் பம்பின் தோல் கிழிந்து டீசல் ஒயிலுக்குள் இறங்குகிறது. அந்த ஒயிலோடு ஓட்டினால் பெயரிங் தேய்ந்து எஞ்சினே போய்விடும். பம்பைத் திருத்தி, ஒயிலையும் மாற்றிய பிறகே ஓட்டவேண்டும்.

லொறிகளில் தாங்கி கீழே இருப்பதால் இன்னொரு விதமும் உண்டு. தாங்கிக்கும் லிப்ட் பம்புக்கும் இடையில் பைப் வெடித்தால் டீசல் வெளியே வராமல், காற்று உள்ளே இழுபடும். எஞ்சின் அடிக்கடி நின்றால் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் டீசல் துணியை லயத்து அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டாம். கழுவிய டீசலைப் பீலித் தண்ணீரில் விடவும் வேண்டாம். கீழ் லயத்துப் பிள்ளைகள் அதைத்தான் குடிக்கிறார்கள்.

வீட்டில் கேட்டுப் பாருங்கள்

1. பல இடம் நனைந்திருந்தால் எந்த இடத்தை முதலில் பார்க்கவேண்டும்?
2. ஓடும் எஞ்சினின் இரும்புப் பைப்பை ஏன் கையால் தொடக்கூடாது?
3. எஞ்சின் ஒயில் தானாகக் கூடினால் என்ன அர்த்தம்?

மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையின் கையில் தைரியமாக ஸ்பானரைக் கொடுக்கலாம். பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள்.