குரூப் சிதறினால் குழலைக் குறை சொல்லாதீர்கள்

போல்ட் ஆக்‌ஷன் .22 ரைஃபிளில் குரூப் (அட்டையில் குண்டுத் துளைகள் விழும் கொத்து) சிதறியதும் முதல் பழி குழல் மேல்தான் விழுகிறது. 'பழைய ரைஃபிள், பேரல் தேய்ஞ்சு போச்சு' என்று தீர்ப்பும் வந்துவிடும். ஆனால் .22 குண்டு மென்மையான ஈயம், மருந்தும் சொற்பம். குழல் தேயப் பல்லாயிரம் தோட்டாக்கள் சுட வேண்டும். எனவே குழலைக் கடைசியில் சந்தேகியுங்கள். ரைஃபிள் காலி என்று உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி, குழல்வாயின் விளிம்பில் வடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். துப்புரவுத் தடியை வாய்ப்பக்கமாக விட்டுத் துடைப்பவர்கள்தான் பெரும்பாலும் அந்த விளிம்பைக் கெடுக்கிறார்கள்.

அடுத்தது திருகுகள். ஆக்‌ஷனைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகளையும் குறிக்கருவியின் திருகுகளையும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே இறுக்கி, தலையின் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் திருகு நகர்ந்துவிட்டது என்று பொருள். ஒரே அட்டையில் இரண்டு தனித்தனிக் குரூப் விழுந்தால் பெரும்பாலும் கோளாறு இங்கேதான்.

தேனியில் பலரும் தடுமாறுவது காற்றில். ஜூன் முதல் செப்டம்பர் வரை கம்பம் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. மணிக்கு 15 கிலோமீட்டர் குறுக்குக் காற்று 50 மீட்டரில் குண்டைச் சுமார் 2 சென்டிமீட்டர் தள்ளிவிடும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமோ 10.4 மில்லிமீட்டர்தான். காற்று ஒரே சீராக வீசினால் குறியைத் திருப்பிச் சரிசெய்துவிடலாமே என்பார்கள். உண்மைதான், ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் அது சீராக வீசுவதில்லை. ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் இடையில் மாறிவிடும். குரூப் இடவலமாக நீண்டால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். சர்வதேசப் போட்டிகளைப் போல 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் துணிநாடா கட்டி, இரண்டும் ஒரே நிலைக்கு வரும்போது மட்டும் சுடுங்கள். சோதனைக்குக் காற்று அடங்கியிருக்கும் விடிகாலையே ஏற்றது. மதியம் சுட்டுவிட்டு ரைஃபிளைத் திட்டுவதில் பயனில்லை.

காற்று அடங்கியும் குரூப் மேல்கீழாக நீண்டால், மூச்சும் பிடிப்பும் சரியாக இருக்கும்பட்சத்தில், தோட்டாவை மாற்றிப் பாருங்கள். ஒரே கம்பெனியின் தோட்டாவே லாட் எண் மாறினால் வேறு மாதிரி சுடும். ரகம் மாற்றியதும் முதல் பத்துத் தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தைய ரகத்தின் மெழுகு குழலில் இருக்கும். பிறகு ரைஃபிளை மணல் மூட்டையில் தாங்கவைத்து, ஐந்து தோட்டாவாக நான்கு குரூப் சுடுங்கள். தோட்டா விலைக்கு இது வீண்செலவு இல்லையா? மூன்று தோட்டா நெருங்கி விழுந்ததை நம்பி ஒரு பெட்டியே வாங்குவதுதான் வீண்செலவு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

இந்தச் சோதனைகளைத் திராட்சைத் தோட்டத்து ஓரத்தில் செய்யாதீர்கள். அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டுமே சுட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் குரூப் சிதறினால் குழலை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.